தீவகத்தின் பெயர்களும் எல்லைகளும்

ஓர் ஊருக்குப் பெயரிடுவோர் யாவர்? அவ்வூரிலே பிறந்து, உழுது, வலைவீசி, அம்மண்ணிலேயே மறைவோரா? அன்றி, மரக்கலத்தில் அவ்வழியே சென்று, தூரத்தே நின்று நோக்கிப் படம் வரைந்தோரா? இவ்வினாவை ஆராய்வதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுக் கூட்டத்தினும் ஏற்ற இடம் இலங்கையிற் பிறிதில்லை. அத்தீவுகளுக்கு நாகர் பெயர் உண்டு. நம் முன்னோர் இட்ட தமிழ்ப் பெயர் உண்டு. போர்த்துக்கேயப் பெயர் உண்டு. ஒல்லாந்தப் பெயர் உண்டு. அவற்றைச் சுற்றி வரையப்பட்ட எல்லைகளும் காலந்தோறும் மாறியே வந்துள்ளன.

கல்முனைக் கரையில் வாழும் நமக்கு யாழ்ப்பாணத்துத் தீவுகளின் பெயராராய்ச்சி எதற்கு என ஒருவர் வினவலாம். நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே நம் கரையில் ஒரு காரைதீவு இருக்கின்றது. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் அது. யாழ்ப்பாணத்துத் தீவுகளுள்ளும் ஒன்று காரைதீவு எனப் பெயர் பெற்றிருந்தது. அது பின்னர்க் காரைநகர் ஆயிற்று. புத்தளப் பகுதியிலும் ஒரு காரைதீவு உண்டு. நான்குபுறமும் கடல் சூழ்ந்த ஊர் தீவு என்னும் சொல்லைக் களைந்து நகர் ஆயிற்று. ஒருபுறம் மட்டுமே கடலுடைய நம் ஊர் தீவாகவே நின்றது. ஆகவே, பெயர் வேறு, நிலத்தின் வடிவம் வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தீவு என்னும் சொல்

இன்று பூமிசாத்திர நூல்கள் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என இலக்கணப்படுத்தும். வடமொழித் துவீபம் என்பதன் வழிவந்த இச்சொல், பழந்தமிழில் இத்துணைக் குறுகிய பொருளுடையதன்று. நாவலந்தீவு என்றால் பாரதப் பெருநிலம் முழுவதும் அதனுள் அடங்கும். புராணங்கள் உலகத்தையே ஏழு தீவுகளாகப் பகுத்தன. ஆற்றின் நடுவே எழுந்த திடரைத் துருத்தி என்றும் அரங்கம் என்றும் தமிழர் வழங்கினர். எனவே, மேடான ஒரு நிலத்தை நீரோ, களப்போ, வயலோ சூழ்ந்து பிரித்து நிறுத்துமாயின், அங்கு வாழ்வோர் அதனைத் தீவு என அழைத்தல் இயல்பே. மட்டக்களப்பு நகரின் நடுவாகிய புளியந்தீவையும் நம் காரைதீவையும் ஒருங்கு நோக்குவோர்க்கு இது எளிதில் விளங்கும்.

துறை என்னும் சொல்லும் அத்தகையதே. சம்மாந்துறை இன்று கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி வயல்களின் நடுவே நிற்கின்றது. சம்மான் என்னும் ஓடங்கள் வந்து நின்ற துறையாதலின் அப்பெயர் பெற்றது என்பர். நீர்வழி மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. நிலத்தின் பழைய வடிவத்தை நிலமே மறந்த பின்னரும் பெயர் நினைவில் வைத்திருத்தல் உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஏழு என்னும் எண்

யாழ்ப்பாணத்துத் தீவுகளை ஏழு எனக் கூறுதல் மரபு. சப்த தீவுகள் எனவும் அவை வழங்கும். வேலணைத்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, காரைதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்பன அவ்வேழுமாம். ஆயின், குடாநாட்டிற்கு மிக அணித்தாகிய மண்டைதீவு இக்கணக்கில் வருவதில்லை. அங்கு மக்கள் குடியிருந்தமையில் ஐயமில்லை. கச்சதீவும் பாலைதீவும் இரணைதீவும் ஏழனுள் அடங்கா. புராணம் கூறிய எண்ணின் பெருமை கருதியே ஏழு என நிறுத்தினர் போலும்.

எல்லை வகுத்தல் இங்கேயே தொடங்கிவிடுகின்றது. ஒரு கூட்டத்தில் எவை சேரும், எவை சேரா என்பதைக் கடல் தீர்மானிப்பதில்லை, எண்ணுவோரே தீர்மானிக்கின்றனர். இரணைதீவு இதற்கு நற்சான்று. இரணை என்பது இரட்டை எனப் பொருள்படும். இரு தீவுகள் அருகருகே கிடத்தலின் அப்பெயர் பொருத்தமானதே. கிளிநொச்சி மாவட்டம் 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டபோது, பூநகரியைச் சார்ந்த இரணைதீவும் புதிய மாவட்டத்திற்குரியதாயிற்று. போர்க்காலத்தில், 1992ஆம் ஆண்டில், அத்தீவினின்றும் பெயர்ந்த மக்கள் 2018ஆம் ஆண்டிலேதான் மீண்டு சென்றனர். கால்நூற்றாண்டு தீவு மக்களின்றி நின்றது. எனினும், அம்மக்கள் தம்மை இரணைதீவார் என்றே கூறிவந்தனர்.

நாகதீபமும் ஊராத்துறையும்

பழைய பெயர்களுள் தலைமையானது நாகதீபம். புத்தர் இரண்டாம் முறை இலங்கைக்கு வந்தபோது நாகதீபத்திற்கு எழுந்தருளி, மணிபதித்த ஆசனத்தின் பொருட்டுப் பிணங்கிய நாக அரசர் இருவரை அமைதிப்படுத்தினார் என மகாவம்சம் கூறும். தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் மணிபல்லவம் என்னும் தீவில் நாக அரசர் இருவர் புத்தபீடிகை குறித்துப் பொருத செய்தியைக் கூறும். மணிபல்லவம் எது என்பதில் அறிஞர் ஒருமுகப்பட்டாரல்லர். நயினாதீவே அஃது என்பார் பலர்.

வடமராட்சியில் வல்லிபுரத்தே கண்டெடுக்கப்பெற்ற பொன்னேடு வசபன் என்னும் மன்னனின் காலத்தது. அதில் நாகதீவு என்னும் பெயரை ஆய்வாளர் வாசித்தனர். அதனைக் கொண்டு, பண்டை நாளில் நாகதீபம் என்பது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் வழங்கிய பெயர் எனப் பரணவிதான முதலியோர் கொண்டனர். அங்ஙனமாயின், ஒரு காலத்திற் பரந்த நிலப்பரப்பைச் சுட்டிய பெயர், பின்னர் ஒரு சிறு தீவிற்கு மட்டும் உரியதாகச் சுருங்கியிருத்தல் வேண்டும். பெயரின் எல்லை சுருங்குதலும் விரிதலும் உண்டென்பது இதனாற் பெறப்படும். இன்று நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. தமிழர் நயினாதீவு என்பர். சிங்களவர் நாகதீப என்பர். இரு பெயரிலும் நாகத்தின் வாசனை வீசுகின்றது என்பாரும் உளர்.

அம்மன் கோயிலில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டுவது. அது 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை. சிங்கள மன்னன் தமிழிற் பொறித்த ஆணை என்பதே சிந்தித்தற்குரியது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து இறங்கல் வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடையுமாயின், காற்பங்கு அரச பண்டாரத்திற்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியவாம். வேறு பண்டம் ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் செம்பாதியாம். கடல்வழியும், வாணிகமும், சட்டமும் ஒருங்கே ஒரு சிறு கல்லிற் காணக்கிடைக்கின்றன.

அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. சோழமன்னன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் இத்துறையைக் குறிக்கின்றது. சிங்களத்தில் இஃது ஊராதொட்ட. ஊரா என்பது பன்றி, தொட்ட என்பது துறை. பாளியில் எழுதியோர் இப்பொருளையே கொண்டு சூகரதித்த என மொழிபெயர்த்தனர். தமிழர் நாவிலோ அஃது ஊரைக் காவல் செய்யும் துறை எனப் பொருள்பட்டது. ஓர் ஒலியை மூன்று மொழியினர் கேட்டனர். ஒவ்வொருவரும் தத்தமக்கு விளங்கும் பொருளைக் கொண்டனர். மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஊர்ப்பெயருக்கு இனிமையான பொருள் ஒன்று தோன்றியவுடன் அதுவே வரலாறு எனத் துணிதல் தகாது. பாக்குநீரிணை என்னும் பெயரைக் கேட்போர் வெற்றிலை பாக்கை நினைத்தல் கூடும். 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த றொபேட் பாக் என்னும் ஆங்கிலேயரின் பெயரே அது. பாக்குமரத்திற்கும் அக்கடலுக்கும் யாதொரு தொடர்புமில்லை.

பறங்கியரும் ஒல்லாந்தரும்

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேற்றப்பட்டன. ஆதலின் அவர்கள் அத்துறையை யானைகளின் இறங்குதுறை எனத் தம் மொழியில் வழங்கினர். இறங்குதுறை எனப் பொருள்படும் கயிஸ் என்னும் அவர் சொல்லே பின்னர்க் கயிற்ஸ் என நின்றது. ஆங்கிலத்தில் இன்றும் அவ்வூருக்கு அதுவே பெயர். யானைகள் மறைந்தன, யானைகளை ஏற்றியோரும் மறைந்தனர், இறங்குதுறை என்னும் சொல் மட்டும் எஞ்சியது. நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என அவர்கள் அழைத்தனர். தமிழரிடையும் பசுத்தீவு என்னும் பெயர் அதற்கு வழங்கியதுண்டு. போர்த்துக்கேயர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் தாம் அங்குக் கண்டதையோ, தாம் அங்குச் செய்ததையோ சுட்டுவன.

ஒல்லாந்தர் செய்தது வேறு. 1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை அவர் வசமாயிற்று. அவர்கள் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை எடுத்து வரிசையாகத் தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இந்நகரங்களுள் அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்வ்ற், றொட்டர்டாம் என்னும் நான்கும் 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரிவுச் சபைகள் அமைந்திருந்த நகரங்கள் என்பது கவனித்தற்குரியது. முதலீடு செய்தோரின் ஊர்ப்பெயர், அம்முதலால் வந்த நிலத்திற்குச் சூட்டப்பெற்றது. இவ்வழக்கம் இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. மொரீசியசுத் தீவு 1598இல் ஒல்லாந்த இளவரசன் மொரிசின் பெயரைப் பெற்றது. நியூசீலந்து என்னும் பெயரில் ஒல்லாந்தரின் சீலந்து மாகாணம் ஒளிந்திருக்கின்றது.

ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டைக்கு அவர்கள் ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் படத்திற் பன்றித்தொடை போலத் தோன்றிற்றாம். அக்கோட்டை அதன் குதிப் பக்கத்தே அமைந்ததாம். கரையில் நின்று நோக்குவோர்க்கு அவ்வடிவம் தோன்றாது. படத்தை மேசைமேல் விரித்து வைத்தோர்க்கே தோன்றும். அக்கரை மக்கள் அதனைக் கடற்கோட்டை என்றனர். கடலில் நின்றது, கோட்டையாய் நின்றது. அவர்க்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

முழுமைக்குப் பெயர், பகுதிக்குப் பெயர்

ஈண்டு ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட தீவை நோக்குக. அத்தீவிலே வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன், புளியங்கூடல், சுருவில், அல்லைப்பிட்டி, மண்கும்பான், ஊர்காவற்றுறை எனப் பல ஊர்கள் உள. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிக்கோயிலும் தனிவழக்கும் உண்டு. தீவு முழுவதற்கும் எல்லோரும் ஒப்பும் ஒரு தமிழ்ப் பெயர் இருந்ததா எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். தென்பகுதியார் வேலணைத்தீவு என்பர். வடபகுதியார் ஊர்காவற்றுறை என்பர். உள்ளே வாழ்வோனுக்குத் தன் குறிச்சிக்கும் அயற்குறிச்சிக்கும் பெயர் வேண்டும். முழுமைக்குப் பெயர் வேண்டுவோன் கப்பலிலிருந்து நோக்குபவனும் வரி தண்டுபவனுமே.

இக்கருத்தை நம் கரைக்கும் பொருத்தி நோக்கலாம். கல்முனையான், மருதமுனையான், நிந்தவூரான், அக்கரைப்பற்றான் எனவே நம்மவர் தம்மைக் கூறிக்கொள்வர். வடக்கே செல்லின் நாம் அனைவரும் மட்டக்களப்பார். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு 1961இல் அம்பாறை மாவட்டம் உருவான பின்னரும் அவ்வழக்கு ஒழிந்தபாடில்லை. தேர்தல் மாவட்டத்தின் பெயரோ திகாமடுல்ல. ஒருவனே வீட்டில் ஒரு பெயரும், பயணத்தில் ஒரு பெயரும், வாக்குச்சீட்டில் ஒரு பெயரும் உடையனாகின்றான். குடாநாட்டார் தீவுப்பகுதி மக்களைத் தீவார் என ஒரே சொல்லால் அழைத்தபோது, அச்சொல்லில் ஓரளவு எளிமைப்பாடும் கலந்தே இருந்தது. பிறர் இடும் முழுமைப் பெயரில் இவ்விடர் எப்பொழுதும் உண்டு.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைப் பற்றினர். ஒல்லாந்தர் இட்ட பெயர்களுட் பல மெல்ல வழக்கொழிந்தன. அம்ஸ்ரடாம் என்றோ, மிடில்பேர்க் என்றோ இன்று அத்தீவுகளை அழைப்பார் இலர். டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் ஆங்கிலக் கோவைகளில் நிலைத்துவிட்டது. இன்றைய நிருவாகத்தில் தீவகம் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளாக உள்ளது. வேலணைத்தீவின் வடபகுதியும் அனலைதீவும் எழுவைதீவும் சேர்ந்து தீவகம் வடக்கு, ஊர்காவற்றுறை. அத்தீவின் தென்பகுதியும் மண்டைதீவும் புங்குடுதீவும் நயினாதீவும் சேர்ந்து தீவகம் தெற்கு, வேலணை. காரைநகரும் நெடுந்தீவும் தனித்தனிப் பிரிவுகள். ஒரு தீவு இரு பிரிவாகவும், பல தீவுகள் ஒரு பிரிவாகவும் அமைந்தன. நெடுந்தீவுச் செயலகம் ஆங்கிலத்தில் இன்றும் டெல்வ்ற் என்றே எழுதப்படுகின்றது. ஒரே அலுவலகத்தின் இரு மொழிப் பெயர்களிடையே மூன்றரை நூற்றாண்டு வரலாறு கிடக்கின்றது.

கடலில் வரைந்த கோடு

நிலத்தின் எல்லையைக் கல் நட்டுக் காட்டலாம். கடலின் எல்லையைக் காட்டுவது எங்ஙனம்? இங்கேதான் கச்சதீவு பற்றிய வழக்கு எழுந்தது. 285 ஏக்கர் பரப்புள்ள அச்சிறு தீவில் நிலையான குடிகள் இல்லை. நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே அது கிடக்கின்றது. இராமநாதபுரம் சேதுபதிகளின் சமீன் உரிமை ஒருபுறமும், யாழ்ப்பாண அரசின் வழிவந்த உரிமை மறுபுறமும் பேசப்பட்டன. 1921ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தாரும் இலங்கை அரசாங்கத்தாரும் கூடி மீன்பிடி எல்லையை ஆராய்ந்தபோது, கச்சதீவின் மேற்கே மூன்று மைல் தொலைவிற் கோடு செல்லுமாறு பேசப்பட்டது. அவ்விணக்கம் முறைப்படி உறுதிசெய்யப்படவில்லை.

பின்னர் 1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையால், ஆதாம் பாலத்திலிருந்து பாக்குநீரிணை வரை எல்லைக் கோடு வரையப்பட்டது. கச்சதீவு இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. 1976ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மன்னார் வளைகுடாவிற்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. அக்கோட்டின் தொடக்கத்திற் கிடக்கும் மணற்றிட்டு வரிசையே இருபெயருடையது. இந்துக்கள் அதனைச் சேது என்றும் இராமர் அணை என்றும் போற்றுவர். ஆதிபிதா ஆதம் அவ்வழியே கடந்தார் என்னும் ஐதிகத்தால் அஃது ஆதாம் பாலம் எனவும் வழங்கும். இரு சமயத்தார் நினைவும் ஒரே மணலில் தங்கியிருக்க, அரசுகள் அதனையே கோட்டின் முனையாகக் கொண்டன.

கோடு வரைந்தபின் மீனவர் படும் இன்னல் நாம் செய்தித்தாள்களில் நாளும் படிப்பதே. மீன் கோட்டை அறியாது, வலை கோட்டை அறியாது, காவற்படகு அறியும். இராமேசுவரத்தார் பிடிபடுகின்றனர், இழுவைப்படகுகளால் தம் கடல்வளம் அழிகின்றதென நெடுந்தீவு மீனவர் முறையிடுகின்றனர். இரு சாராரும் பேசும் மொழி ஒன்றே. மாசி, பங்குனிக் காலத்திற் கச்சதீவு அந்தோனியார் கோயில் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே முற்றத்தில் வணங்குவது ஒன்றே ஆறுதல்.

கீழைக் கடலில் ஓர் ஒப்புமை

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. யப்பானின் தெற்கே, தைவான் நோக்கிச் சங்கிலி போலக் கிடக்கும் இரியூக்கியுத் தீவுகளின் வரலாறு இதனோடு ஒப்பிடத் தக்கது. இரியூக்கியு என்னும் பெயர் சீனர் ஏடுகளிலிருந்து வந்தது. 1429 முதல் அங்கே தனியரசு ஒன்று விளங்கிற்று. 1609இல் யப்பானியச் சற்சுமாப் பிரபு படையெடுத்து, வடபகுதியாகிய அமாமித் தீவுகளைத் தனதாக்கினான். 1879இல் யப்பான் அவ்வரசை ஒழித்து ஒக்கினாவா மாநிலத்தை அமைத்தது. அமாமி அதனுட் சேர்க்கப்படவில்லை. ககோசிமா மாநிலத்தின் பகுதியாயிற்று. ஆகவே, மொழியாலும் வழக்காலும் நெருங்கிய மக்கள் இரு மாநிலத்தார் ஆயினர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கர் அத்தீவுகளை ஆண்டனர். அமாமித் தீவுகள் 1953ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் யப்பானிடம் மீண்டன. ஒக்கினாவாவோ 1972ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வரை காத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வட அகலக்கோடு 27 பாகை எல்லையாயிற்று. அமாமிக் கூட்டத்தின் தென்கோடியாகிய யோரோன் தீவினின்றும் ஒக்கினாவாவின் வடமுனையைக் கண்ணாற் காணலாம். கண்ணுக்கெட்டிய கரை பிறநாடாயிற்று. இரு கரையாரும் தத்தம் பக்கத்திலே தீமூட்டி ஒருவர்க்கொருவர் அடையாளம் காட்டினர். 1609இல் வாளாற் பிரித்த எல்லை, 1953இல் அமெரிக்கர் கைவிட்ட தீவுகளின் எல்லையோடு ஏறத்தாழப் பொருந்தியது. பழைய கோடு புதிய கோட்டுக்கு வழிகாட்டும் என்பது இதனால் விளங்கும்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

பெயரும் எல்லையும் புலவர் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியன எனக் கருதற்க. காணி உறுதி ஒன்றை எடுத்துப் பார்மின். யாழ்ப்பாணத்து உறுதியிற் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். பரப்பும் குழியும் இருக்கும். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கெல்லையும் இருக்கும். அக்காணிப் பெயர்களுட் பல ஒல்லாந்தர் காலத்துத் தோம்பேடுகளிற் பதியப்பெற்றவை. தீவுக்கு அம்ஸ்ரடாம் எனப் பெயர் வைத்தவனே, வரி தண்டுவதற்காக வளவின் பெயரை உள்ளூரானிடம் கேட்டு எழுதினான். தீவின் பெயரை மாற்றலாம். வளவின் பெயரை மாற்றினால் வரி வராது. அதனால் அவன் வைத்த பெயர் அழிந்தது. அவன் கேட்டு எழுதிய பெயர் நின்றது.

1990ஆம் ஆண்டின் பின் தீவக மக்கள் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். கொழும்பு, கனடா, பிரான்சு, இலண்டன் எனப் பரந்தனர். அவ்விடங்களில் அவர்கள் அமைத்த சங்கங்கள் புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு என்றே பெயர் பெற்றன. அதே ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து முகாம்களிற் பிறந்த அவர்தம் மக்களும் தந்தையின் ஊர்ப்பெயரைச் சொல்லியே வளர்ந்தனர். ஆண்டு பல கழித்து மீண்டோர்க்கு வேலியும் இல்லை, வீடும் இல்லை. காணியின் பெயரையும் அயலார் பெயரையும் நினைவில் வைத்திருந்த முதியோர் வாய்மொழியே அவர்க்குத் துணையாயிற்று.

நம் கரையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எங்கும் கரையோர வளவுகளின் வேலியையும் எல்லைக் கல்லையும் அது வாரிச் சென்றது. உறுதிகளையும் வாரிச் சென்றது. மணல்வெளியில் நின்று, இது இன்னார் வளவு, இது இன்ன ஒழுங்கை எனக் கூறுதற்குப் பெயரன்றி வேறு அடையாளம் இருந்ததில்லை. அன்று ஊர்ப்பெயரும் ஒழுங்கைப் பெயரும் அறிந்த ஒரு மூதாட்டி, அளவையாளரின் சங்கிலியினும் பயன்பட்டாள்.

பிரதேச எல்லை எங்கே செல்லவேண்டும் என்பது பற்றி நம் பகுதியில் நெடுநாளாக வாதம் நிகழ்கின்றது. அவ்வாதத்தில் எப்பக்கத்தார் கூற்று நேரியது எனத் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்றுமட்டும் கூறலாம். எல்லை கேட்போரும் எல்லை மறுப்போரும் தத்தம் ஊரின் குறிச்சிப் பெயர்களை முழுமையாக எழுதி வைத்துள்ளனரா என வினவின், இல்லை என்பதே விடையாகும். மேசைமேற் படம் விரித்து வரையும் கோட்டினால் வரும் இடரைத் தீவகத்தின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. அதனைத் தடுக்கும் வழி, அங்கு வாழ்வோரின் பெயர்களை முதலில் அறிந்துகொள்வதே.

ஆகவே மாணவர்க்கு ஒரு பணி கூறுவேன். விடுமுறை நாளில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதியோர் மூவரை அணுகி, வட்டை, வெளி, குளம், வாய்க்கால், ஒழுங்கை, கரைவலைத் துறை ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுக. தமிழர் இல்லத்திலும் முஸ்லிம் இல்லத்திலும் கேட்டு எழுதுக. ஒரே வயலுக்கு இரு பெயர் கிடைப்பின் இரண்டையும் எழுதுக. பொருள் கூற முற்படற்க; ஒலியை அவ்வாறே பதிக. யார் கூறினார், எவ்வாண்டில் கூறினார் என்பதைக் குறிக்க. ஊராத்துறையின் கதையை நினைவிற் கொள்க. பழைய மாணவராகிய பெரியோர் தம் வீட்டுப் பழைய உறுதிகளைப் புரட்டி, அவற்றுள் வரும் காணிப் பெயர்களைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்திற்கு அளிப்பாராயின், அஃது இவ்விழா மலரினும் நெடிது வாழும் கொடையாகும்.

நாகர் காலம் முதல் இன்றுவரை நம் கடலில் எத்தனையோ கொடிகள் பறந்து இறங்கின. கோட்டைகள் கட்டியோர் சென்றனர். படங்கள் வரைந்தோர் சென்றனர். நெடுந்தீவு நெடுந்தீவாகவும், இரணைதீவு இரணைதீவாகவும், நம் காரைதீவு காரைதீவாகவும் நிற்பது, அங்கு வாழ்ந்தோர் நாள்தோறும் அப்பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் அழைத்தமையாலேயே. அழைப்பார் இன்றேல் பெயர் இல்லை. அழைக்கும் நாவை அடுத்த தலைமுறைக்கு வழங்குதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடனாகும். அக்கடனை ஆற்றும் கல்லூரிகள் வாழ்க.